ஏஐ பாட்களால் திணறும் இலவச நூலகத் தளம்: லாகின் போடாமல் எப்படிச் சமாளிப்பது?

பழைய ஏடு கேட்டது:

வணக்கம். உரிமைக்காலம் முடிந்த சிற்றிதழ்களையும் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வைத்திருக்கும் தன்னார்வத் தளம் பற்றிய கேள்வி இது. விக்கித் தளத்தை நடத்தும் மீடியாவிக்கி மென்பொருள், பக்கங்களை வாசகருக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருள், 4 கோர், 8 ஜிபி ரேம் கொண்ட ஒரே சர்வர். உரைப்பக்கங்கள் சுமார் 50,000. பிடிஎஃப்கள் தனி டிஸ்க்கில், ஒவ்வொன்றும் 80 முதல் 300 எம்பி வரை.

இப்போது பகலில் பாதி நேரம் 504 பிழைதான் (சர்வர் நேரத்துக்குப் பதில் தரவில்லை) வாசகருக்குக் கிடைக்கிறது. சிபியு எப்போதும் உச்சத்தில். லாக்கில் இரண்டு வகை தெரிகிறது. சில பாட்கள் (பக்கங்களைத் தானாக எடுக்கும் நிரல்கள்) பெயர் சொல்லி வருகின்றன. பெரும்பாலானவை சாதாரண குரோம் உலாவி என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு ஐபியிலிருந்தும் ஒன்றிரண்டு கோரிக்கைகள் மட்டும் அனுப்பிவிட்டு மறைந்துவிடுகின்றன. அளவு மீறும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் எதையும் பிடிக்கவில்லை. பாட்கள் எதை எடுக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடை எழுதியும் பெரிய மாற்றம் இல்லை.

குழுவில் இரண்டு யோசனைகள் ஓடுகின்றன: படிக்கவே லாகின் கட்டாயமாக்குவது, அல்லது இந்தியா, இலங்கை தவிர மற்ற நாடுகளைத் தடுப்பது. இரண்டும் இல்லாமல் வழி இருக்கிறதா? பயிற்சிக்காக எடுக்கும் ஏஐ பாட்களை மொத்தமாகத் தடுப்பது சரியா என்பதிலும் குழுவுக்குள் ஒத்த கருத்து இல்லை.

---

சர்வர்க்காரன் பதில்:

லாகின் வேண்டாம். முதலில் எந்தப் பக்கங்கள் சிபியுவைத் தின்கின்றன என்று பாருங்கள். லாகை ஐபி வாரியாக எண்ணாமல் யூஆர்எல் வகை வாரியாக எண்ணுங்கள். மீடியாவிக்கி என்றால் விடை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: பக்க வரலாறு, இரண்டு பதிப்புகளுக்கு இடையிலான வேறுபாடு, பழைய பதிப்பு, அண்மைய மாற்றங்கள், 'இப்பக்கத்தை இணைத்தவை' போன்ற சிறப்புப் பக்கங்கள்.

கணக்கு இப்படி. ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 20 திருத்தங்கள் என்று வையுங்கள். வரலாற்றுப் பட்டியலில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் 'நடப்பு', 'முந்திய' என்று இரண்டு இணைப்புகள். 50,000 பக்கங்களுக்கு 20 லட்சம் இணைப்புகள் ஆகிவிட்டன. சிறப்புப் பக்கங்களில் நாள், எண்ணிக்கை, மறை, காட்டு என்று தெரிவுகள் பெருகுவதால் அங்கே முடிவே கிடையாது. இணைப்பைக் கண்டால் பின்தொடர்வது மட்டுமே தெரிந்த கிராலர் இதற்குள் மாட்டிக்கொள்கிறது. வாசகன் இந்தப் பக்கங்களுக்கு வருவதே இல்லை, அதனால் தயார் பக்கங்களைச் சேமித்து வைக்கும் கேஷிலும் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் மீடியாவிக்கியை இயக்கும் பிஎச்பி புதிதாக ஓட வேண்டும். விக்கிமீடியா 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கும் இதையே சொன்னது: பக்கப் பார்வைகளில் பாட்களின் பங்கு 35 சதவீதம்தான், ஆனால் அதிகம் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 சதவீதம் அவற்றுடையது. மனிதர்கள் ஒரே சில பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். பாட் எல்லாவற்றையும் ஒருமுறை தொடும்.

ஆகவே ஆளைப் பார்த்துத் தடுக்காதீர்கள், வேலையைப் பார்த்துத் தடுங்கள். என்ஜின்எக்ஸில் ஒரு மேப் (கோரிக்கையைப் பார்த்து ஒரு மதிப்பைத் தரும் பட்டியல்) எழுதுங்கள். யூஆர்எல் மேற்சொன்ன வகையில் இருந்து, லாகின் செய்தவரின் உலாவியில் விக்கி வைக்கும் பயனர் எண் குக்கியும் இல்லையென்றால் 'கனமானது' என்ற ஒரே மாறாத சொல்லை மதிப்பாகக் கொடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வெற்று மதிப்பு. அந்த மதிப்பையே கோரிக்கை வரம்பின் சாவியாக வையுங்கள். வெற்றுச் சாவியை என்ஜின்எக்ஸ் கணக்கில் எடுக்காது, எனவே சாதாரண வாசிப்புக்கு வரம்பே இருக்காது. கனமான கோரிக்கைகள் எத்தனை ஆயிரம் ஐபிகளிலிருந்து வந்தாலும் எல்லாம் சேர்த்து நொடிக்கு 2, கூடுதல் அனுமதி 5, மிஞ்சினால் 429 ('கோரிக்கைகள் அளவுக்கு மீறின') பிழை. ஃபெயில்2பேன் தோற்ற இடம் இதுதான். அது ஐபியை எண்ணுகிறது, உங்களிடம் வருபவை ஐபியை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. குக்கி பார்க்கும்போது செஷன் குக்கியை எடுக்காதீர்கள். லாகின் செய்யாமல் தொகுக்கப் போனவருக்கும் அது கிடைத்துவிடும்.

இரண்டாவது பாதுகாப்பு பிஎச்பி பக்கம். பிஎச்பி பிராசஸ்களை நிர்வகிக்கும் எஃப்பிஎம்மின் பூலை இரண்டாகப் பிரியுங்கள். வாசிப்புக்கு 12 பிராசஸ், கனமான பக்கங்களுக்கு 2. வரம்பைத் தாண்டி ஏதாவது நுழைந்தாலும் அந்த இரண்டு மட்டுமே அடைபடும். அடுத்து, மீடியாவிக்கியின் கோப்புக் கேஷை இயக்குங்கள். லாகின் செய்யாதவர் பார்க்கும் பக்கங்கள் தயார் எச்டிஎம்எல் ஆக டிஸ்க்கிலிருந்தே போகும். உங்கள் தளத்தில் ஒருமுறை மெய்ப்புப் பார்த்த பக்கம் அடிக்கடி மாறாது, நல்ல பலன் தரும்.

தமிழ் விக்கியில் ஒரு பொறி உண்டு. சிறப்புப் பக்கங்களுக்கு 'சிறப்பு:' என்ற முன்னொட்டும் வேலை செய்யும், ஆங்கில 'ஸ்பெஷல்:' முன்னொட்டும் வேலை செய்யும். ஒன்றைத் தடுத்து மற்றதை விட்டால் பயனில்லை. மேலும் யூஆர்எல்லில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட், % குறிகளாக என்கோடு ஆனபின் 9 எழுத்து. 'சிறப்பு' என்ற சொல் மட்டும் 63 எழுத்து நீளும். என்ஜின்எக்ஸின் லொகேஷன் விதி டிகோடு ஆன யூஆர்எல்லைப் பார்க்கும், அங்கே தமிழிலேயே எழுதலாம். ஆனால் வந்த முகவரியை வைத்திருக்கும் ரிக்வெஸ்ட் யூஆர்ஐ மாறியும் கேள்விக்குறிக்குப் பின் வரும் மதிப்புகளும் டிகோடு ஆகாமல் அப்படியே வரும். அங்கே தமிழில் எழுதிய விதி ஒருபோதும் பொருந்தாது, பிழையும் காட்டாது. என்கோடு ஆன வடிவம், முக்காற்புள்ளியும் (:) என்கோடு ஆன வடிவம், இரண்டையும் சேர்த்து எழுதிச் சோதியுங்கள்.

பிடிஎஃப்பைப் பொறுத்தவரை, உரிமைச் சிக்கல் இல்லாதவை என்பதால் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றிவிட்டு உங்கள் பக்கத்திலிருந்து இணைப்பது மேல். சொந்தமாகவே தர வேண்டுமென்றால், வெளியே போகும் தரவுக்குக் கட்டணம் வாங்காத சேமிப்புச் சேவையில் வையுங்கள். ரீட் த டாக்ஸ் தளத்தில் 2024 மே மாதம் ஒரே கிராலர் 73 டிபி எடுத்தது, அதில் ஏறக்குறைய 10 டிபி ஒரே நாளில். பேண்ட்வித் கட்டணம் மட்டும் 5,000 டாலருக்கு மேல். ஜிபி கணக்கில் பில் போடும் சர்வரில் 300 எம்பி கோப்புகளைத் திறந்து வைப்பது தன்னார்வக் குழுவுக்குத் தாங்காது.

---

வன்னிமரம் பதில்:

நாட்டுத் தடை பற்றி மட்டும் சொல்ல வேணும். இந்தியா, இலங்கை தவிர மற்றதை மூடினால் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் எல்லாம் போய்விடும். பழைய ஈழத்துச் சஞ்சிகைகளை இணையத்தில் தேடி வாசிக்கிற ஆட்களில் பெரும் பகுதி அங்கேதான் இருக்கு. இன்னொன்று, கிராலர்கள் வாடகைக்கு எடுக்கிற தரவு மையங்கள் நிறையச் சிங்கப்பூரில் இருக்கு. 'அந்த நாட்டிலிருந்துதான் கூட வருகுது' என்று பார்த்துவிட்டு முழுச் சிங்கப்பூரையும் தடுத்த தமிழ்த் தளம், தமிழ் ஆட்சிமொழியாக உள்ள ஒரு நாட்டைத் தடுத்திருக்கு என்று அர்த்தம். தடுக்கத்தான் வேணுமென்றால் நாட்டைப் பார்க்காமல், ஐபி எந்த நிறுவனத்தின் வலையமைப்பு என்று காட்டுகிற வலையமைப்பு எண்ணைப் பாருங்கோ. வாடகைச் சேவையக நிறுவனங்களின் எண்கள் தனி, வீட்டு இணைப்புத் தரும் நிறுவனங்களின் எண்கள் தனி. முன்னதை முழுசாகத் தடுக்காமல், வருவது பாட்டா என்று சோதிக்கிற சவால் பக்கம் காட்டினால் போதும், விபிஎன் பாவிக்கிற வாசகரும் அதற்குள்ளே இருப்பார்.

ஐபிக்கு இத்தனை என்று வரம்பு போடுவதும் கவனம். கைபேசி வலையமைப்புகளில் நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே ஐபிவி4 முகவரியைப் பகிர்ந்துகொள்ளுகினம். ஒரு கல்லூரி வகுப்பே உங்கட தளத்தைத் திறந்தால் வரம்பில் முட்டும். ஐபிவி6 இல் அதற்கு எதிர்மாறு. ஒரு வீட்டுக்கே 64 பிட் தொகுதி முழுசாகக் கிடைக்கும் என்பதால் தனி முகவரியை எண்ணினால் கணக்குத் தப்பும், அந்தத் தொகுதியைத்தான் எண்ண வேணும்.

குரோம் என்று பொய் சொல்லி வருகிறவைக்கு அனுபிஸ் பாவிக்கலாம். 2025 ஜனவரியில் வந்த திறமூலக் கருவி, க்னோம் திட்டத்தின் நிரல் தளமான கிட்லாப் போன்ற இடங்களில் அந்த ஆண்டே பாவிக்கப்பட்டது. உலாவிக்கு ஒரு சின்னக் கணக்குக் கொடுக்கும். விடை வந்தால் ஒரு வாரத்துக்கு குக்கி. கணக்கு என்பது எஸ்எச்ஏ-256 என்ற குறியாக்கச் சூத்திரத்தின் பதினாறடிமான விடை குறிப்பிட்ட எண்ணிக்கைச் சுழிகளோடு தொடங்கும் வரைக்கும் முயல்வது. கடினம் (சுழிகளின் எண்ணிக்கை) 4 என்றால் சராசரியாக 65,536 முயற்சி. 5 ஆக்கினால் அதைப்போல 16 மடங்கு, பத்து லட்சத்தைத் தாண்டும். பழைய அண்ட்ரொயிட் கைபேசி வைத்திருக்கிற வாசகர் அதற்குள் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார், ஆகையால் 4 க்கு மேலே போகாதேங்கோ.

பிழைக்கிற இடங்கள்: தளம் எச்டிடிபிஎஸ் இல்லாமல் இருந்தால் உலாவியின் குறியாக்கச் செயல்பாடு இயங்காது, சவால் பக்கத்திலேயே நிற்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் நிறுத்தி வைத்திருக்கிறவருக்கு பக்கத்தைத் தானாகவே மறுபடி திறக்க வைத்துச் சரிபார்க்கிற மெட்டா ரிஃப்ரெஷ் முறை இருக்கு, அதை இயக்கிவிடுங்கோ. புதிய பக்கங்களை அறிவிக்கிற ஆர்எஸ்எஸ் ஓடை, நிரல்கள் பேசுகிற விக்கியின் ஏபிஐ, நூலகங்கள் மீதரவு (நூல் பற்றிய விவரங்கள்) எடுக்கிற ஓஏஐ-பிஎம்எச் வாசல், இன்டர்நெட் ஆர்க்கைவின் பாட் இவற்றுக்கு முதலே விலக்குக் கொடுக்க வேணும். மறந்தால் உங்கட சொந்தத் தன்னார்வலர்கள் விக்கித் திருத்தங்களைத் தானாகச் செய்யப் பாவிக்கிற பைவிக்கிபாட் நிரலே வெளியில் நிற்கும்.

முழுத் தளத்துக்கும் அனுபிஸ் போட வேண்டிய தேவை இல்லை. மேலே சர்வர்க்காரன் சொன்ன கனமான பக்கங்களுக்கும் தேடலுக்கும் மட்டும் போடுங்கோ. கதை வாசிக்க வருகிற ஆளுக்கு ஒரு தடையும் தெரியக்கூடாது.

---

சொல்லேர் பதில்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'ஏஐ பாட்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் தவறாகத் தடுப்பீர்கள். ஓபன்ஏஐ என்ற ஒரே நிறுவனமே மூன்று பெயர்களில் வருகிறது. ஜிபிடிபாட் பயிற்சிக்கு எடுப்பது. ஓஏஐ-சர்ச்பாட் தேடல் அட்டவணைக்கு. சாட்ஜிபிடி-யூசர் என்பது ஒருவர் கேள்வி கேட்டபோது அவர் சார்பாக அந்த நேரத்தில் ஒரு பக்கத்தைத் திறப்பது. ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட்பாட், கிளாட்-சர்ச்பாட், கிளாட்-யூசர் என்பவையும் அதே பிரிவினை. மூன்றாவது வகையைத் தடுத்தால், 'இந்தக் கட்டுரை எந்த இதழில் வந்தது' என்று ஏஐயிடம் கேட்கும் மாணவருக்கு உங்கள் பக்கம் கிடைக்காமல் போகும். விடை வேறு எங்கிருந்தோ, பெரும்பாலும் தப்பாக, வரும். இந்த வகைக் கோரிக்கைகள் ஓர் ஆள் வாசிப்பதற்குச் சமம். எண்ணிக்கை வரம்பு மட்டும் போதும்.

காமன் க்ராலின் பாட்டான சிசிபாட்டைத் தடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. காமன் க்ரால், இணையப் பக்கங்களைத் திரட்டி இலவசத் தொகுப்பாகத் தரும், 2007 முதல் இயங்கும் லாப நோக்கற்ற அமைப்பு. அதன் பாட் ரோபாட்ஸ் கோப்பை மதிக்கிறது, கோரிக்கைகளுக்கு இடையே விடச் சொல்லி அதில் எழுதும் இடைவெளி நொடிகளையும் மதிக்கிறது. அந்தத் தொகுப்பில் தமிழின் பங்கு 0.1 சதவீதம்கூட இல்லை. பெரிய நிறுவனங்கள் மட்டுமின்றி, எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் கருவி), பிழைதிருத்தி, அகராதி என்று தமிழுக்குக் கருவி செய்யும் மாணவர்களும் ஆய்வாளர்களும் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். மெய்ப்புப் பார்த்த, அச்சில் வந்த நல்ல தமிழை நூலகத் தளங்கள் விலக்கிக்கொண்டால் மிஞ்சுவது இயந்திரம் மொழிபெயர்த்த விற்பனைப் பக்கங்களும் சினிமாக் கிசுகிசுவும்தான். அடுத்த தலைமுறைக் கருவிகள் அந்தத் தமிழைத்தான் திருப்பித் தரும்.

எல்லாரும் எடுத்துக்கொள்ளும் வகையில் மொத்தமாகவே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. எல்லாப் பக்கங்களையும் ஒரே கோப்பாக எழுதும், மீடியாவிக்கியோடு வரும் டம்ப்பேக்கப் நிரலை 'நடப்புப் பதிப்பு மட்டும்' என்ற தெரிவோடு மாதம் ஒருமுறை இரவில் ஓட்டுங்கள். 50,000 பக்கம், பக்கத்துக்கு 10 கேபி என்றால் 500 எம்பி. தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு எழுத்தின் முதல் பைட்டும் ஒன்றாகவே இருப்பதால் நன்றாகச் சுருங்கும், எக்ஸ்இசட் என்ற சுருக்க வடிவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். அதை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுங்கள், டொரண்ட்டும் தானாகவே உருவாகும். முகப்பிலும், 429 பிழைப் பக்கத்திலும், ரோபாட்ஸ் கோப்பின் முதல் வரியில் குறிப்பாகவும் அந்த முகவரியை எழுதுங்கள். குருட்டு கிராலர் இதைப் படிக்காது. ஆனால் தொகுப்புத் தேடி வரும் ஆய்வாளர் படிப்பார், ஒரு சுமை குறையும். விக்கிமீடியாவும் 2025 ஏப்ரலில் ஆங்கில, பிரெஞ்சு விக்கிப்பீடியாக்களின் உள்ளடக்கத்தைக் கட்டமைத்த வடிவில், தரவுத் தொகுப்புகளைப் பகிரும் காகிள் தளத்தில் வெளியிட்டது.

கொடுப்பதோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். 2023 மே மாத இறுதியில் இன்டர்நெட் ஆர்க்கைவே சற்று நேரம் முடங்கியது. பொதுவுரிமை நூல்களின் எழுத்துணரிக் கோப்புகளைக் கேட்டு ஒரு மேகச் சேவையின் 64 மெய்நிகர் கணினிகளிலிருந்து நொடிக்குப் பல்லாயிரம் கோரிக்கைகள் வந்தன. கேட்டிருந்தால் மொத்தமாகவே கொடுத்திருக்கக்கூடிய கோப்புகள் அவை.

பாட்களைப் பொய்ப் பக்கங்களில் சுற்றவிடும் பொறிகளை யாராவது பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள். அந்தப் பக்கங்களை அனுப்புவதும் உங்கள் சர்வர்தான். அதைவிட, தமிழில் உருவாக்கிய குப்பை உரை ஏற்கெனவே சிறியதான தமிழ்த் தொகுப்பில் போய்க் கலக்கும்.

உரிமம் பற்றி ஒரு வரி: பொதுவுரிமை நூலை ஸ்கேன் செய்ததால் அதன் உரைக்கு நீங்கள் நிபந்தனை விதிக்க முடியாது. உங்கள் குழு எழுதிய முன்னுரை, அட்டவணை, குறிப்புகளுக்கு மட்டும் விதிக்கலாம். இரண்டையும் தளத்தில் பிரித்துக் காட்டுங்கள்.

---

பழைய ஏடு:

மிக்க நன்றி. கோரிக்கை வரம்பும் பூல் பிரிப்பும் இன்று இரவே செய்கிறோம். துணைக்கேள்வி: கூகுள் தேடலில் எங்கள் பக்கங்கள் முதலில் வந்தாலும் வருகை குறைகிறது. தேடல் பக்கத்திலேயே ஏஐ சுருக்கம் வந்துவிடுகிறது. கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரைத் தடுத்தால் சரியாகுமா? நன்கொடையாளர்கள் வருகை எண்ணைத்தான் கேட்கிறார்கள்.

---

சொல்லேர்:

ஆகாது. கூகுள்-எக்ஸ்டெண்டட் தனியாக வரும் பாட் கிடையாது, லாக்கில் அந்தப் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. ரோபாட்ஸ் கோப்பில் மட்டும் பொருள் உள்ள ஒரு குறி அது. கூகுளின் ஏஐ ஆன ஜெமினியின் பயிற்சிக்கும் ஜெமினி தரும் விடைகளுக்கும் எடுக்கலாமா என்பதைத்தான் கட்டுப்படுத்தும். தேடல் பக்கத்துச் சுருக்கம் வழக்கமான கூகுள்பாட் எடுத்த அட்டவணையிலிருந்து வருகிறது. அதிலிருந்து விலக வேண்டுமானால் 'உரைத்துண்டு காட்டாதே' என்று சொல்லும் நோஸ்னிப்பெட் குறியைப் பக்கத்தில் போட வேண்டும், அப்போது தேடல் முடிவில் உங்கள் பக்கத்துக்குக் கீழே வரும் இரண்டு வரியும் போய்விடும். நூலகத் தளத்துக்கு அது நஷ்டம். ஒரு பக்கத்தில் குறிப்பிட்ட பகுதியை மட்டும் விலக்க டேட்டா-நோஸ்னிப்பெட் இருக்கிறது, குழுவின் சொந்த ஆய்வுக்குறிப்புகளுக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள்.

வருகை குறைவது எங்கும் நடப்பதுதான். பியூ ஆய்வு மையம் அமெரிக்கப் பயனர்களின் 2025 மார்ச் மாத உலாவலைப் பார்த்தது. ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் தேடல் முடிவு இணைப்பைச் சொடுக்கினார்கள். சுருக்கம் இல்லாதவற்றில் 15 சதவீதம். சுருக்கத்துக்குள்ளேயே தந்திருக்கும் இணைப்பைச் சொடுக்கியது 1 சதவீதம். விக்கிப்பீடியாவிலும் மனிதப் பார்வைகள் முந்தைய ஆண்டைவிட 8 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாக 2025 அக்டோபரில் விக்கிமீடியா சொன்னது. நன்கொடையாளரிடம் இந்த எண்களைக் காட்டிவிட்டு, பக்கப் பார்வைக்குப் பதிலாக மெய்ப்பு முடிந்த பக்கங்கள், தொகுப்புப் பதிவிறக்கங்கள், ஆய்வேடுகளில் வந்த மேற்கோள்கள் ஆகியவற்றை அளவுகோலாக வையுங்கள். பாட்களைக் கழிக்காத பழைய வருகை எண் எப்படியும் நம்பத்தக்கதாக இருந்திருக்காது.

உங்களால் செய்ய முடிந்தது, மூலத்தின் பெயர் உரையோடு சேர்ந்தே பயணிக்கும்படி செய்வது. ஏஐ தேடல்கள் பக்கத்தைத் துண்டுகளாக வெட்டித்தான் எடுக்கின்றன. இதழ்ப்பெயர், ஆண்டு, இதழ் எண், பக்க எண் எல்லாம் மேலே உள்ள வார்ப்புருப் பெட்டியில் மட்டும் இருந்தால் துண்டில் வராது. ஒவ்வொரு பக்கத்தின் உரை முடிவிலும் ஒரே வாக்கியமாக இவற்றையும் நிலையான முகவரியையும் எழுதும்படி வார்ப்புருவை மாற்றுங்கள். எழுத்துணரி தந்த உரையை மனிதர் திருத்தாத பக்கங்களில் 'மெய்ப்புப் பார்க்கப்படாதது' என்பதையும் உரைக்குள்ளேயே சேர்க்க வேண்டும். பழைய அச்சில் 'ண', 'ன' மயங்கியும் பழைய 'லை', 'னை' வடிவங்கள் சிதைந்தும் வரும் வரிகளை ஏஐ தயங்காமல் மேற்கோளாகத் தந்துவிடும். பழி அந்த ஆசிரியர் மேல் விழும்.

---

சர்வர்க்காரன்:

இன்று இரவு செய்யும்போது ரோபாட்ஸ் கோப்பில் இரண்டு விஷயம் பாருங்கள். 'பெரிய மாற்றம் இல்லை' என்றதற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

ஒன்று, ஒரு பாட் தன் பெயருக்கு எழுதிய பிரிவை மட்டுமே படிக்கும். எல்லாப் பாட்களையும் குறிக்கும் நட்சத்திரக் குறிக்குக் கீழே பத்துத் தடைகள் எழுதிவிட்டு, கூகுள்பாட்டுக்கு என்று தனியாக ஒரு வரி மட்டும் எழுதினால் அந்தப் பத்தும் கூகுள்பாட்டுக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் அந்தப் பிரிவிலும் திரும்ப எழுத வேண்டும். இடைவெளி நொடிகள் எழுதுவதை கூகுள் பார்ப்பதே இல்லை, பிங் பார்க்கும்.

இரண்டு, உங்கள் ஃபயர்வாலோ அனுபிஸோ ரோபாட்ஸ் கோப்பையே மறித்து 403 ('அனுமதி இல்லை') கொடுக்கிறதா என்று வெளியிலிருந்து சோதியுங்கள். ரோபாட்ஸ் கோப்புக்கென 2022இல் வந்த ஆர்எஃப்சி 9309 என்ற இணைய விதிப்படி, அந்தக் கோப்புக்கு 400 வகைப் பிழை வந்தால் 'தடை எதுவும் இல்லை, எல்லாம் எடுக்கலாம்' என்று கிராலர் கொள்ளலாம். 500 வகைப் பிழை வந்தால் நேர் எதிராக முழுத்தடை என்று கொள்ள வேண்டும், அது நீடித்தால் தேடலிலிருந்தே பக்கங்கள் உதிரத் தொடங்கும். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் எல்லா வரம்பிலிருந்தும் விலக்குக் கொடுத்து, பிஎச்பியைத் தொடாமல் டிஸ்க்கிலிருந்து நேராக 200 ('சரி') பதில் போகும்படி வையுங்கள். மாற்றியபின் ஒரு நாள் பொறுங்கள், பழைய பிரதியை 24 மணி நேரம் வரை கிராலர்கள் வைத்திருக்கும்.

கூகுள்பாட் என்று சொல்லி வருவதையெல்லாம் நம்பி விலக்குக் கொடுக்கவும் வேண்டாம். ஐபியை, அதற்குரிய தளப்பெயரைத் தரும் தலைகீழ் டிஎன்எஸ்ஸில் பார்த்து, கிடைக்கும் பெயர் கூகுளுடையதுதானா என்றும், அந்தப் பெயர் மறுபடி அதே ஐபிக்குத்தான் வருகிறதா என்றும் இரண்டு பக்கமும் சரிபார்த்த பிறகு கொடுங்கள்.